துணியில் முடிந்த குண்டு

"இதை உருக்கி, இதே ஈயத்துல எனக்கு ஒரு குண்டு வார்த்துக் குடுங்க."

உக்கிரபாண்டி சொல்லிவிட்டு ஒரு துணி முடிச்சைப் பட்டறைக் கல்லின் மேல் வைத்தான். முடிச்சில் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

அந்தப் பட்டறை ஜெய்னம்புவுடையது. மலையடிவாரத்தில் ஏழு ஊருக்கும் ஜமீனுக்கும் துப்பாக்கி பழுதுபார்ப்பவள் அவள் ஒருத்திதான். பெற்ற அத்தா செய்த வேலை. அவருக்குக் கண் மங்கியதும் இவள் கைக்கு வந்தது. பெண்பிள்ளையிடமா துப்பாக்கியைக் கொடுப்பது என்று முதல் வருஷம் மீசையை முறுக்கியவர்கள் எல்லாம் மறுவருஷம் இவள் வாசலில் காத்துக் கிடந்தார்கள். வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே.

உக்கிரபாண்டி ஜமீனுக்கு வேட்டைத் துணை போகிறவன். ஐம்பத்திரண்டு வயது, அவளைவிடப் பதினான்கு வயது மூத்தவன். நாலு வருஷத்துக்கு முன்னால் குண்டு வார்க்கக் கற்றுக்கொள்ள வந்தான். வாத்தியாரம்மா என்று கேலியாகத்தான் கூப்பிட ஆரம்பித்தான். கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

குண்டு கேட்டு வந்தவர்களிடம் அவள் முதலில் கேட்பது ஒன்றுதான். அதையே இவனிடமும் கேட்டாள்.

"எதைச் சுட?"

"தவசிய."

அவள் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தாள்.

நடந்தது அவளுக்கும் தெரியும். எட்டு நாளுக்கு முன்னால் பன்றி வேட்டை. ஓடைக்கு இந்தக் கரையில் உக்கிரபாண்டி, அந்தக் கரையில் தவசி. இருவர் கையிலும் பின்னால் திறந்து தோட்டா போடுகிற ஒரே மாதிரி ரைபிள். ஓடைக்குள் தப்பு மேளம் அடித்துக் காட்டைக் கலைத்துக்கொண்டு வந்த ஆட்களில் ஒருவன் வீரணன், உக்கிரபாண்டியின் தம்பி. பன்றி வெளியே பாய்ந்தது. இரண்டு துப்பாக்கியும் ஒரே நேரத்தில் வெடித்தன.

கருமருந்து வெடித்தால் எழும் புகை லேசில் போகாது. ஓடை முழுக்க வெள்ளையாக அடைத்துக்கொண்டது. அது விலகியபோது பன்றி இல்லை. வீரணன் மல்லாந்து கிடந்தான்.

தவசியின் தங்கைக்குப் பரிசம் போட்டுவிட்டு, பிறகு மாட்டேன் என்று சொன்னவன் வீரணன். இரண்டு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. சுட்டது யார் என்று ஊர் முடிவுசெய்ய ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட ஆகவில்லை. ஜமீன் மேனேஜர் வந்தார், கைத்தவறு என்று எழுதிக்கொண்டார், போனார். அதற்குப் பிறகு உக்கிரபாண்டி யாரோடும் பேசவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டு பறந்தது.

வைத்தியர் தம்பியின் நெஞ்சிலிருந்து எடுத்துக் கொடுத்த குண்டை அவன் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அப்படியே துணியில் முடிந்து, சிதைக்கு முன்னால் கையில் வைத்துச் சத்தியம் செய்தான். சுட்டவன் நெஞ்சுக்குள் இதே குண்டு போக வேண்டும், உருக்குகிற நேரம்வரை முடிச்சை அவிழ்ப்பதில்லை, காரியம் முடியும்வரை தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. எட்டு நாளாக அவன் தலை வைக்கோலாகத்தான் இருந்தது.

இன்று காலையில் தவசி அகப்பட்டுவிட்டான். கரட்டுக் குன்றின் மேலே ஓர் ஆட்டுக்கிடைக்குள் ஒளிந்திருந்தவனை உக்கிரபாண்டியின் பங்காளிகள் நாலு பேர் அரிவாளோடு சுற்றி நிற்கிறார்கள். உச்சிப்பொழுது வரை பொறுத்திருப்பார்கள். அதற்குள் உக்கிரபாண்டி துப்பாக்கியோடு வரவில்லை என்றால் அவர்களே வெட்டிவிடுவார்கள். கரடு இங்கிருந்து ஓடினால் கால் மணி நேரம்.

இவ்வளவையும் அவன் ஒரே மூச்சில் சொன்னான்.

ஜெய்னம்புவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆளைக் கொல்லக் குண்டு கேட்டு ஒருத்தன் தன் பட்டறைக்கு வந்து நிற்கிறான், அதுவும் தன்னிடம் தொழில் கற்றவன். விளக்குமாற்றை எடுத்து விரட்டலாமா என்று நினைத்தாள். விரட்டினால் நேரே வீட்டுக்குப் போய் அடுப்பில் உருக்குவான். அவனுக்கு வார்க்கத் தெரியும். அவள்தானே கற்றுக்கொடுத்தாள். அந்த எண்ணம் அவள் கோபத்தை இன்னும் கூட்டியது.

"நான் வார்க்க மாட்டேன். நீங்களே வாருங்க. ஆனா இங்க வச்சு, என் முறையில."

நேரமில்லை என்றான். ஒரே ஒரு குண்டுக்குத்தான் ஈயம் இருக்கிறது, அதைக் கோணலாக வார்த்துக் கொண்டுபோய்த் தவறவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்வி அவனுக்கு உறைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

முதலில் துப்பாக்கி.

அவள் ரைபிளின் பின்கதவைத் திறந்து பார்த்தாள். அதைத் தாங்கும் ஆணி தேய்ந்து ஆடியது. கதவு சரியாக மூடாவிட்டால் வெடிக்கும் நெருப்பு முன்னால் மட்டும் போகாது, கொஞ்சம் பின்னாலும் வரும். உக்கிரபாண்டியின் வலது கன்னத்தில் கறுப்பாகப் பொறிப் பொறியாகச் சுட்ட புண் இருந்தது.

"இது எப்ப?"

"அன்னைக்குத்தான். அத விடுங்க."

அவள் புது ஆணி அடிக்க உட்கார்ந்தாள். அதற்குள் குழலைக் கழுவச் சொன்னாள். அவன் கொதிநீரைக் குழலில் ஊற்றினான். கறுப்புத் தண்ணீர் வந்தது, அடுத்துச் சாம்பல் தண்ணீர். கம்பியில் துணி சுற்றி இழுத்தான். துணியோடு சன்னச் சன்னமாகச் சாம்பல் நிறச் செதில்கள் வந்தன.

அவள் ஒரு செதிலை எடுத்து விரலால் மடக்கினாள். ஈயமாக இருந்தால் மடங்கியிருக்கும். அது முறிந்தது.

கையில் இருந்த இரண்டு துண்டையும் அவள் வெகு நேரம் பார்த்தாள்.

"ஈயத்துல என்ன கலந்தீங்க?"

அவன் மறைக்கவில்லை. மறைக்கிற மனநிலையிலும் இல்லை. டவுனில் ஓர் அச்சாபீஸ்காரனுக்கு மான்கறி கொடுத்து, தேய்ந்துபோன எழுத்துகளை ஒரு பை வாங்கியிருந்தான். அச்சாபீஸ் எழுத்து கல் மாதிரி கெட்டி. காட்டுமாட்டின் தோள் எலும்பை உடைக்கக் குண்டு கெட்டியாக இருந்தால் நல்லதுதானே என்று வீட்டில் ஈயத்தோடு உருக்கி ஆறு குண்டு வார்த்தான். போன வாரம்தான் வார்த்தது.

"நாலு வருஷமா நான் உங்களுக்கு என்ன சொன்னேன்?"

அவள் சொன்னது அவனுக்கு மனப்பாடம். குழலுக்குள்ளே திருகாணிப் புரி மாதிரி பள்ளம் ஓடுகிறது. கருமருந்து தள்ளும் வேகத்தில் குண்டு கொஞ்சம் உப்பி அந்தப் பள்ளத்தைக் கடித்துக்கொள்ள வேண்டும். கடித்தால்தான் சுழன்றுகொண்டு நேரே போகும். அதற்கு ஈயம் மெத்தென்று இருக்க வேண்டும். கெட்டிக் குண்டு எதையும் கடிக்காது. வழுக்கிக்கொண்டு போய், அதுக்குத் தோன்றின பக்கம் திரும்பும்.

"ஆறுல எத்தனை இருக்கு?"

"அஞ்சு."

"ஒண்ணு?"

"பன்னிக்கு விட்டேன். பாறையில பட்டுத் தெறிச்சிருக்கும்."

"பாத்தீங்களா?"

"அந்தப் புகையில என்னத்தப் பாக்க."

சொன்னவன் அவன்தான். சொன்னது அவன் காதில் விழவில்லை. எட்டு நாளாக அந்தக் காதுக்குள் தவசி என்ற பெயரைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை.

ஜெய்னம்பு குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, அந்த முடிச்ச இப்பவே அவுத்துப் பாருங்க."

அவன் எழுந்து நின்றுவிட்டான். நாலு வருஷமாக அவளிடம் வராத 'நீ' அப்போது வந்தது.

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? தவசிக்கும் நீதானே குண்டு வார்க்குற? அவனுக்குப் பரிஞ்சுக்கிட்டு, நேரத்தக் கடத்தி, என் சத்தியத்தையும் கெடுக்கப் பாக்குற."

இனி அவள் வாயிலிருந்து என்ன வந்தாலும் அது தவசிக்குப் பரிந்து பேசுவதாகத்தான் அவனுக்குக் கேட்கும். மடையன், மடையன் என்று மனசுக்குள் திட்டினாள். சுவரில் வெயில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தாள். அது நிலைப்படியைத் தொடுவதற்குள் கிளம்பினால்தான் உச்சிப்பொழுதுக்குள் கரட்டுக்குப் போய்ச் சேரலாம்; இன்னும் ஒரு முழம் இருந்தது.

ஆணியைப் போட்டு முடித்துப் பின்கதவை மூடினாள். ஆடவில்லை.

"துப்பாக்கி ஆச்சு. இப்ப ஈயம்."

மூலையிலிருந்த மரப்பெட்டியை இழுத்து அவன் முன்னால் கவிழ்த்தாள். டீப்பெட்டிகளின் உள்ளே ஒட்டி வருகிற ஈயத்தகடு, வலைக்குக் கட்டுகிற ஈயமணிகள், பழைய தோட்டாக்கள், எங்கே கிடைத்தது என்றே தெரியாத கட்டிகள், எல்லாம் கலந்து கிடந்தன. ஒரே ஒரு குண்டு ஈயத்தைக் கரண்டியில் உருக்கினால் ஊற்றுவதற்குள் உறைந்துவிடும், கூடக் கொஞ்சம் நல்ல ஈயம் வேண்டும் என்றாள். அது உண்மையும்கூட.

"பிரிங்க."

"எனக்கா பிரிக்கத் தெரியாது?"

"தெரிஞ்சவர் செஞ்ச லட்சணத்தத்தான் இப்ப குழல்ல பாத்தேன். ஒவ்வொண்ணா கல்லுல போடுங்க. மெத்துன்னா மெத்துன்னு வாயால சொல்லுங்க. கெட்டின்னா கெட்டின்னு சொல்லுங்க. கல்லுல விழாத எதுவும் என் கரண்டில விழாது."

இது அவளுடைய பட்டறைச் சட்டம். ஜமீன்தாரே வெள்ளித்தட்டில் வைத்து ஈயம் கொடுத்து அனுப்பினாலும் அது முதலில் அந்தக் கல்லில் விழ வேண்டும். நல்ல ஈயம் விழுந்தால் சாணி விழுந்த சத்தம்தான் வரும். கலப்படம் கணீரென்று பேசும்.

அவன் ஒரு துண்டை எடுத்துக் கல்லில் அடித்தான்.

தொப்.

"மெத்து."

அடுத்தது. தொப். "மெத்து."

அடுத்தது. டிங். "கெட்டி."

கெட்டித் துண்டை அவன் வாசல்வரை விட்டெறிந்தான். அவன் எடுத்தான், அடித்தான், சொன்னான். கல்லில் அடித்த ஒவ்வொன்றும் தவசியின் தலையாகவே அவனுக்கு இருந்திருக்கும். கழுத்து நரம்பு புடைத்தது. கன்னத்துப் புண் வெடித்து நீர் வடிந்தது. தொப், மெத்து. தொப், மெத்து. டிங், கெட்டி. கொஞ்ச நேரத்தில் யோசிக்காமலே வாய் சொல்ல ஆரம்பித்துவிட்டது. காது கேட்டதும் வாய் சொன்னது, நடுவில் அவன் இல்லை.

ஜெய்னம்பு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பது துண்டுக்கு மேல் ஆனது. அவள் அடுப்பை ஊதினாள். மெத்து ஈயத்தைக் கரண்டியில் போட்டு உருக்கினாள், ஒரு சிட்டிகை தேன்மெழுகு போட்டு மேலே மிதந்த கசடை வழித்தெடுத்தாள். குண்டு வார்க்கும் அச்சை நெருப்பில் காட்டிச் சூடேற்றி அவன் கையில் கொடுத்தாள்.

அவன் ஊற்றினான். முதல் குண்டு கிழவியின் முகம் மாதிரி சுருங்கி வந்தது. அச்சு இன்னும் சூடேறவில்லை. இரண்டாவதில் ஒரு பக்கம் மொண்ணை. அவசரத்தில் ஊற்று நடுவில் அறுந்துவிட்டது. மூன்றாவது பார்க்க வழுவழுவென்று நன்றாக இருந்தது. அவள் அதைத் தராசில் வைத்தாள், எடை குறைந்தது. உளியால் பிளந்து காட்டினாள். உள்ளே மிளகளவு ஓட்டை.

"இதக் கொண்டுபோயிருந்தா?" என்று கேட்டாள்.

அவன் அவளை முறைத்தான்.

நான்காவது சரியாக வந்தது. அதை அவள் ரைபிளின் வாயில் வைத்துக் கம்பியால் மெல்லத் தட்டிப் பின்பக்கம் வரை தள்ளி எடுத்தாள். குண்டின் உடம்பைச் சுற்றி ஆறு கோடு, சாய்ந்து, பளிச்சென்று பதிந்திருந்தது.

"இதான் உங்க துப்பாக்கி கேக்குற குண்டு. தவசி துப்பாக்கியும் இதே மாதிரிதான் கோடு போடும்."

"போதும்."

அவன் கத்தினான். வாசலில் வெயில் நிலைப்படியைத் தொட இன்னும் நாலு விரல்தான் இருந்தது. அச்சு சூடாயிருக்கிறது, ஈயம் உருகியிருக்கிறது, துப்பாக்கி சரியாகிவிட்டது, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டான். முடிச்சை எடுத்து அப்படியே கரண்டிக்கு மேல் நீட்டினான்.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கைவியர்வை ஈரம் பட்ட துணி உருகின ஈயத்தில் விழுந்தால் ஈயம் முகத்தில் தெறிக்கும், இரண்டு பேருக்கும் கண் போய்விடும். அது அவனுக்கும் தெரியும்.

"உருகப்போற நேரம் வந்தாச்சு. இப்ப அவுத்தா உங்க சத்தியம் கெடாது. அவுங்க. கல்லுல போடுங்க."

"இதையுமா? இது என் தம்பி நெஞ்சுல இருந்தது."

"எதுவா இருந்தாலும்."

அவனுக்கு வந்த ஆத்திரத்தில் முடிச்சைப் பல்லால் கடித்துக் கிழித்தான். உள்ளே இருந்ததைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, அவள் மேலிருந்த கோபத்தையும் தவசி மேலிருந்த கோபத்தையும் ஒன்றாகச் சேர்த்து, குண்டைக் கல்லின் மேல் ஓங்கி எறிந்தான்.

டிங்.

"கெட்டி" என்றது அவன் வாய்.

குண்டு கல்லிலிருந்து எழும்பிக் கீழே விழுந்து உருண்டு, அவன் கால் பெருவிரலில் முட்டி நின்றது.



அவன் குனிந்தான். எடுத்தான். கட்டைவிரல் நகத்தால் கீறினான். கோடு விழவில்லை. இன்னொரு பக்கம் திருப்பி நகம் மடங்கும்வரை கீறினான். அங்கும் விழவில்லை. குண்டின் மூக்கு நசுங்கவில்லை. உடம்பைச் சுற்றி அந்த ஆறு கோடு இல்லை, வழுக்கிப்போன சிராய்ப்புதான் இருந்தது.

"தவசிக்கு" என்று ஆரம்பித்தான். குண்டை இன்னொருதரம் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி கேட்டான். "தவசிக்கு எந்த ஈயத்துல வார்க்கிறீங்க?"

"டீப்பெட்டித் தகடுல. மெத்து."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். குண்டு கைக்குள் இருந்தது. கையை மூட முடியவில்லை, திறந்து வைக்கவும் முடியவில்லை. கன்னத்துப் புண்ணை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

ஜெய்னம்புவின் கோபம் இன்னும் போகவில்லை. நாலு வருஷம் கற்றுக்கொடுத்ததை ஒரு பை எழுத்துக்கு விற்றுவிட்டானே என்று அவள் நெஞ்சு கொதித்தது. ஆனாலும் அவன் தலையைப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது. துப்பாக்கியை எடுத்து அவன் கைக்கு எட்டாத இடத்தில் சுவரில் மாட்டினாள்.

"வெயில் நிலைப்படிக்கு வரப்போகுது. உங்க ஆளுக அரிவாளோட நிக்கிறாங்க. எந்திரிங்க."

அவன் எழுந்திருக்கவில்லை.

"வாத்தியாரம்மா, சுட்டவன் நெஞ்சுக்குள்ள இது போகணும்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"போயிருச்சுண்ணே" என்றாள் அவள். "ஓடுங்க."